நல்லா இருக்கறனுங்க

"கட்" என்றான் சாஜித். அது மூன்றாவது கட்.

கேமராவுக்கு முன்னால் நின்ற அன்புச்செல்வி மார்க்கரை மூடினாள். மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த செல்போன் உறுமிக்கொண்டே நகர்ந்து தண்ணீர் பாட்டிலில் முட்டி நின்றது. எடுத்துப் பார்க்க வேண்டியதே இல்லை, அப்பாதான். காலையில் கூப்பிட்டு டிபன் ஆயிற்றா என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டு, கேஸ் புக் பண்ண எந்த நம்பர் என்று கேட்டார். அந்த நம்பரைப் போன மாதம்தான் ஸ்கெட்ச் பேனாவால் சமையலறைச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு வந்திருந்தாள். தம்பி தமிழ்வேந்தன் ஓசூரில் இருக்கிறான், அவனுக்கு இப்படி ஒரு போன் கிடையாது. ஏனென்றால் அவன் எடுக்க மாட்டான். எடுக்கிற மகராசிக்குத்தான் எல்லா போனும்.

கோயமுத்தூரில் அவிநாசி ரோட்டை ஒட்டிய தனியார் கல்லூரி ஒன்றில் அவள் உயிர்வேதியியல் ஆசிரியை. கல்லூரியின் யூடியூப் சேனலுக்குத் தமிழில் பாடம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு வந்த தலைப்பு, செல்லின் ஏற்பிகளை அடக்கி வைக்கும் நொதிகளைக் கண்டுபிடித்த கதை. ஏற்பி என்றால் செல்லின் மேல்தோலில் இருக்கும் காது. அட்ரினலின் வந்து கூப்பிட்டால் "என்னங்க" என்று கேட்டு, சேதியை உள்ளே சொல்லும். ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் காதை அடைத்துக்கொள்ளும். அப்புறம் கூப்பிடுவதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

காதை அடைப்பது யார் என்று விஞ்ஞானிகள் வருஷக்கணக்கில் தேடினார்கள். ஏற்கெனவே தெரிந்த ஒரு நொதியின் மேல் எல்லோரும் பழியைப் போட்டார்கள். அந்த நொதியே இல்லாத செல்களை எடுத்துச் சோதித்தால், அவையும் ஜோராகக் காதை அடைத்துக்கொண்டன. அப்படியென்றால் வேறு ஒருவன் இருக்கிறான். எண்பதுகளில் அமெரிக்காவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவனைப் பிடித்தார்கள். பதில் சொல்லிக்கொண்டிருக்கும் ஏற்பியை மட்டும் தேடிப் பிடித்து அதன் வாலில் பாஸ்பேட்டை ஒட்டுகிற நொதி. சும்மா இருக்கிற ஏற்பியை அது தொடுவதில்லை. இந்த இடம் வரும்போதெல்லாம் அன்புச்செல்விக்குத் தம்பி ஞாபகம் வரும்.

அவளுக்குப் பிடித்த இடம் அதற்கு அடுத்தது. பிடித்த நொதியை அவர்கள் சுத்தம் செய்தார்கள். இன்னும் சுத்தம் செய்தார்கள். சுத்தம் கூடக் கூட, ஏற்பியை அடக்குகிற சக்தி குறைந்துகொண்டே போனது. பளிங்கு மாதிரி சுத்தமானபோது ஏறக்குறைய ஒன்றுமே நடக்கவில்லை. அழுக்கு என்று கழுவி ஊற்றியதில்தான் விஷயம் இருந்தது. நொதி பாஸ்பேட்டை ஒட்டியதும் வந்து ஏற்பியின் மேல் உட்கார்ந்து வாயடைக்கிற இன்னொரு புரதம், அந்தக் கழுவலோடு போயிருந்தது. மாதிரியைச் சுத்தம் செய்து கொண்டுவந்தால் உண்மை தெரியாது, கண்ணுகளா! இதை எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் மேசையைத் தட்டிச் சொல்லுவாள்.

துறைத்தலைவர் ராமுலு சார் அறைக்குள் எட்டிப் பார்த்தார். வெள்ளைச் சட்டை, அளவான சிரிப்பு.

"மேடம், பாடம் அருமைங்க. ஒரே ஒரு விசயம், தப்பா எடுத்துக்கக் கூடாது. அந்தச் சுத்தம் பண்ணிக் கெட்டுப்போச்சுங்கற கதை வேண்டாமுங்களே. கண்டுபிடிச்சாங்க, முடிஞ்சுதுன்னு நீட்டா இருக்கட்டும். பசங்க கொழம்பிக்குவாங்க."

கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது, அதை வெட்டினால் மிச்சம் என்ன இருக்கும் என்று அவள் மனம் கத்தியது. "சரிங்க சார்" என்றது வாய்.

"எடிட் பண்ணி நாளைக்கு அனுப்பச் சொல்றேன். பார்த்துட்டு எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க" என்று போனார். சாஜித் பாவம், கேமராவைத் துடைப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் கோபத்தோடு அவள் போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள்.

"ஏங்கண்ணு, வேலையா இருக்கறயா?"

"ஆமாங்கப்பா, ரெக்கார்டிங் நடக்குது. சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. அங்க... மழை... பேஞ்சுதா?"

மூன்று வார்த்தைக்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சை எடுத்தார். அன்புச்செல்வியின் கோபம் பாதியில் நின்றது.

"ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"மாடிப்படி ஏறுனேன்."

"நம்ம ஊட்டுக்கு மாடியே இல்லீங்களே!"

"பக்கத்து... ஊட்டுது."

"அப்பா, நல்லாத்தான இருக்கறீங்க?"

"எனக்கென்ன கண்ணு, நல்லா இருக்கறேன்."

இந்த வாக்கியத்தை அவள் நம்பி ரொம்ப காலம் ஆகிறது. சைக்கிளிலிருந்து விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்து, கை ஒடிந்த கிளைபோலத் தொங்கிக்கொண்டிருந்தபோதும் அப்பா நஞ்சப்பன் இதையேதான் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம், இவர் பூசணித் தோட்டத்தையே மறைப்பார்.

சாயந்திரமே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கருமத்தம்பட்டிக்குப் போனாள். நூல்மில்லில் பஞ்சு பேலை உடைத்துப் பிரிக்கிற புளோரூமில்தான் நஞ்சப்பன் காலமெல்லாம் வேலை பார்த்தார். மில் அவருக்கு இரண்டு அறை வீட்டையும் மூச்சிழுப்பையும் கொடுத்து அனுப்பியிருந்தது. இழுப்புக்கு டாக்டர் இரண்டு பம்பு கொடுத்திருக்கிறார். நீலப் பம்பு, மூச்சு அடைத்தால் உடனே திறந்துவிடுவதற்கு. காப்பிக் கலர் பம்பு, அடைக்காமலே பார்த்துக்கொள்வதற்கு, தினமும் தவறாமல் இழுக்க வேண்டியது.

வாசலில் வண்டியை நிறுத்தும்போதே கடகடவென்று ஒரு சத்தம். அம்மா மாசாணியம்மாள் மிளகாய் காயப் போட்டிருந்தாள். காக்காய் வராமலிருக்க மேலே குறுக்காக ஒரு கயிறு கட்டி, அதில் நீலநீலமாக என்னவோ கோத்துத் தொங்கவிட்டிருந்தாள். காற்று வீசும்போதெல்லாம் அவை ஒன்றோடொன்று மோதிக் கடகடத்தன. அன்புச்செல்வி கிட்டே போய்ப் பார்த்தாள். காலியான நீலப் பம்புகள். ஒரு கயிறு நிறைய.

"அம்மா, இதெல்லாம் எப்பத்தது?"

"பொங்கலுக்கு அப்புறம் சேந்தது. சும்மா குப்பையில போடறதுக்கு, காக்காய்க்காச்சும் ஆகட்டும்னு கட்டிப்போட்டேன்" என்றாள் மாசாணியம்மாள் பெருமையாக.

"இதுல ஒரு பம்பே ரெண்டு மாசத்துக்கு மேல வரோணும். எனக்கு ஏன் சொல்லல?"

"உங்கொப்பந்தான் புள்ளைக்குச் சொல்லாத, வேலை கெட்டுப்போகும்ன்னாரு."

வேலையைக் கெடுக்கக் கூடாது என்று நினைக்கிறவர்தான், கேஸ் நம்பர் கேட்டு ரெக்கார்டிங்கைக் கெடுத்தார். அன்புச்செல்விக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பாவின் முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கேமரா முன்னால் மூன்று முறை கெட்டுப்போன பாடம் இங்கே தங்குதடையில்லாமல் வந்தது.

"நீலப் பம்புங்கறது வாசல்ல நின்னு கூப்பிடற மாதிரிங்கப்பா. அத்தி பூத்தாப்புல ஒருக்கா கூப்பிட்டா உள்ள இருக்கறவங்க 'வாரேன்'னு ஓடியாருவாங்க. நீங்க நின்ன எடத்துல நின்னு கத்திட்டே இருந்தா? கதவச் சாத்திக்குவாங்க. அதுக்குன்னே உள்ள ஒரு எஞ்சைம் இருக்குது. அதைக் கண்டுபுடிக்க எத்தனை பேரு எத்தனை வருசம் மண்டைய ஒடச்சுட்டாங்க தெரியுமா?"

நஞ்சப்பனின் முகம் தெளிந்தது. "எஞ்சைமா? நம்ம திருப்பூர்ல பனியன் துணி நைஸா வாரதுக்கு ஊத்தறாங்களே, அதான கண்ணு?"

"அது வேறீங்கப்பா!"

"ஒரு கேன் நல்ல வெலைன்னு சொன்னாங்க."

"அப்பா! அது துணிக்கு. இது உங்க நெஞ்சுக்குள்ளயே இருக்கறது. நீங்க இழுக்க இழுக்க அது காதை அடைச்சுட்டே போகும். முன்னெல்லாம் ஒருக்கா இழுத்தா எத்தனை நேரம் தாங்கும்?"

"ஒரு நேரத்துக்குத் தாங்கும்."

"இப்ப?"

"ஒரு டீ குடிக்கற வரைக்கும்" என்றார், டீயின் மேல் குற்றம் இருப்பதுபோல.

"பாத்தீங்களா. காப்பிக் கலர் பம்புதான் நெஞ்சுப் புண்ணையும் ஆத்தும், புதுசாக் காதும் மொளைக்க வெக்கும். அதை ஒழுங்கா இழுக்கறீங்களா?"

"டாக்டரம்மா கொறச்சுட்டாங்க கண்ணு. நாலா இருந்ததை ரெண்டாக்கி, இப்ப ஒண்ணுதான்."

"ஏன்?"

"நான் நல்லா இருக்கறேனில்ல."

கல்லில்கூட நார் உரித்துவிடலாம். இந்த மனிதருக்கு இங்கே மூச்சு முட்டுகிறது, அங்கே ஒரு டாக்டர் மருந்தைக் குறைத்துக்கொண்டே போகிறாள். என்ன படித்தாளோ, எங்கே படித்தாளோ! ராமுலு சார்மேல் காட்ட முடியாத கோபமும் சேர்ந்து, அந்த டாக்டரின் தலையில் ஒட்டுமொத்தமாக இறங்கக் காத்திருந்தது. நாளைக்கு அவளை இரண்டில் ஒன்று பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டு படுத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. நஞ்சப்பன் காலையிலேயே தலைக்குத் தண்ணீர் வார்த்து, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் கரை வேட்டியும் கட்டிக்கொண்டு, முகத்துக்குப் பவுடர் போட்டு நின்றார். "கல்யாணத்துக்கா போறோம்?" என்று கேட்டாள் அன்புச்செல்வி. "டாக்டரம்மாகிட்டப் போறோமில்ல" என்றார்.

அவிநாசியில் தேர் வீதிக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவில் கிளினிக். வண்டியிலிருந்து இறங்கியதும், "சித்த இரு கண்ணு, அக்கட்டால போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு நஞ்சப்பன் மருந்துக்கடைக்குப் பின்னால் போனார். ஸ்கூட்டருக்கு நிழல் தேடி அவளும் அந்தப் பக்கமே உருட்டிக்கொண்டு போனாள். புங்கமரத்தடியில் சுவரைப் பார்த்தபடி அப்பா நின்றிருந்தார். பெரியவர்களுக்குத் தெரியாமல் பீடி பிடிக்கிறவன் நிற்பதுபோல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நீலப் பம்பு வாயில் இருந்தது. ஓர் இழுப்பு. நின்று நிதானமாக இன்னொன்று. மேலும் ஒன்று. அப்புறம் துண்டால் வாயைத் துடைத்து, தலையைச் சீவி, சீப்பைப் பையில் வைத்துக்கொண்டார்.

நேற்று அத்தனை சொல்லியும் இன்றைக்கு இப்படியா! எரிச்சலோடு ஸ்கூட்டரை நிழலில் நிறுத்தினாள். உள்ளே போனார்கள்.

டாக்டர் பிரத்யுஷாவுக்கு அன்புச்செல்வியைவிட வயது குறைவாக இருக்கும். நஞ்சப்பனைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தாள். சண்டைக்கு வந்தவளுக்கு இது ஒத்து வரவில்லை.

"எப்படி இருக்கீங்க நஞ்சப்பன்?"

"உங்க புண்ணியத்துல நல்லா இருக்கறனுங்க டாக்டரம்மா."

"ராத்திரி தூக்கம்?"

"படுத்தா எந்திரிக்கறதே கெடையாதுங்க."

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்து, மூச்சை இழுத்து விடச் சொன்னாள். மேலே, கீழே, பக்கவாட்டில் என்று பொறுமையாகக் கேட்டாள். ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொல்லி, மெஷினைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்லா இருக்கு. சத்தமே இல்லை. போன தடவையும் இப்படித்தான் இருந்தீங்க. இனி அந்தக் காப்பிக் கலரை மொத்தமா நிறுத்திப் பார்க்கலாமுங்க."

நஞ்சப்பன் கைகூப்பினார்.

அன்புச்செல்விக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. குளித்து, பவுடர் போட்டு, தலை சீவி, நெஞ்சையும் துடைத்துக்கொண்டு வந்து நிற்கிறார். மாதிரியைக் கழுவிக் கொண்டுவந்திருக்கிறார்! கழுவிய மாதிரியைப் பார்த்துவிட்டு ஒரு டாக்டர் என்ன செய்வாள், பாவம். வருஷா வருஷம் மேசையைத் தட்டிச் சொன்ன கதை, கண் முன்னால் வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இவ்வளவு நேரம் அது அவளுக்குத் தெரியவில்லை.

"டாக்டர், அவர் பொய் சொல்றார்" என்றாள்.

"அம்மணி!" என்றார் நஞ்சப்பன்.

"நீங்க சும்மா இருங்கப்பா. டாக்டர், இப்பத்தான் வெளிய மரத்தடியில நின்னு மூணு தடவை நீலப் பம்பு இழுத்துட்டு உள்ள வந்தாரு. நான் பாத்தேன். ஊட்டுல காக்காய் முடுக்கறதுக்கு ஒரு கயிறு நிறைய காலிப் பம்பு தொங்குது. நேத்து போன்ல மூணு வார்த்தை சேர்ந்தாப்புல பேச முடியல."

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்தாள். "ஒவ்வொரு தடவையும் இழுத்துட்டுத்தான் வந்தீங்களா?"

நஞ்சப்பனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "பின்ன எப்படீங்க? உங்க முன்னால வந்து கரகரன்னு இழுத்துட்டு நின்னா மரியாதையாவாங்க இருக்கும்? நீங்க அத்தனை பிரியமா மருந்து குடுத்து, கேக்கறீங்க. அப்பயும் நல்லா இல்லைன்னா, உங்க கை சரியில்லைன்னு சொன்ன மாதிரி ஆகிப்போயிடாதுங்களா?"

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்புச்செல்வி சண்டையைக் கைவிட்டாள்.

"மத்தியானம் வரைக்கும் இங்கயே வெளிய உக்காருங்க" என்றாள் டாக்டர். "நீலப் பம்பு இழுக்காம இருங்க. அந்த மருந்து எறங்குன பிறகு நான் பார்க்கணும். முடியலைன்னா உடனே சொல்லுங்க, மெஷின் தயாரா இருக்கு."

வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்திலேயே நஞ்சப்பனின் தோள் ஏறி இறங்கத் தொடங்கியது. சட்டைப் பைக்குக் கை போகும், மகளைப் பார்ப்பார், கையை எடுத்துக்கொள்வார். நர்ஸ் வந்து விரலில் கிளிப் மாட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அன்புச்செல்வியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கோபமாகவே கேட்டாள்.

"முடியலைன்னா முடியலைன்னு சொன்னா என்னங்கப்பா? வாயில இருந்து முத்தா கொட்டிப்போகும்?"

நஞ்சப்பன் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "எங்க அய்யன், உங்க தாத்தா... வயித்து வலில சாளைக் குடிசைக்குள்ள சுருண்டு கெடந்தாரு. தோட்டத்து மொதலாளி, பண்ணாடி, வாய்க்கா மேட்டுல நின்னுட்டு... 'ஏண்டா ராமா, எப்படி இருக்கறே'ன்னு கேட்டாரு. அய்யன் எந்திரிச்சு, துண்டை இடுப்புல கட்டிட்டு, 'நல்லா இருக்கறனுங்க சாமீ'ன்னாரு. அவரு அக்கட்டால போனதும் உளுந்துட்டாரு. நான் கேட்டேன், 'ஏனய்யா இப்படிச் சொன்னே'ன்னு. 'பண்ணாடி கேட்டதே பெருசுடா, முடியலைன்னு சொன்னா, நாளைக்கு வேலைக்கு வேற ஆளு வந்துருவான்'னாரு."

"இந்த டாக்டர் பண்ணாடி இல்லீங்கப்பா."

"தெரியுது கண்ணு. வாய்க்குத் தெரிய மாட்டீங்குது."

அவளுக்குக் கோபம் போகவில்லை. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. அந்தப் பண்ணாடி செத்து எத்தனையோ வருஷம் ஆயிற்று, அந்தத் தோட்டத்தில் இப்போது விசைத்தறி ஓடுகிறது. செத்துப்போன ஆளிடம் போய் எதைக் கேட்பது? போனை எடுத்தாள். கல்லூரியிலிருந்து பாடம் எடிட் ஆகி வந்திருந்தது. சத்தத்தைக் குறைத்துக்கொண்டு பார்த்தாள். நொதியைத் தேடினார்கள், கண்டுபிடித்தார்கள், நன்றி வணக்கம். சுத்தம் செய்யச் செய்யக் கெட்டுப்போன கதை வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய இடமே தெரியாமல் பின்னால் வீணை இசை வேறு போட்டிருந்தார்கள்.

மத்தியானத்துக்கு மேல் டாக்டர் உள்ளே கூப்பிட்டாள். நஞ்சப்பன் நாற்காலியின் கைப்பிடியை அழுத்திப் பிடித்து எழுந்தார். நாலு எட்டு நடப்பதற்குள் நெஞ்சு விசில் அடிப்பது வராந்தாவில் இருந்தவர்களுக்கே கேட்டது.

"இப்பச் சொல்லுங்க. எப்படி இருக்கு?"

"நல்லா... இருக்க... றனுங்க... டாக்டரம்மா."

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்புச்செல்வி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. டாக்டர் குழாயைக் கொடுத்தாள். நஞ்சப்பன் கன்னம் உப்பி, கண் பிதுங்கி ஊதினார். மெஷினில் வந்த கோடு எழும்பவே சோம்பல்பட்டது.

"காலையில பார்த்ததுல பாதிகூட இல்லைங்க" என்றாள் டாக்டர்.

நஞ்சப்பன் தலைகுனிந்தார். "மன்னிச்சுக்கங்க... டாக்டரம்மா. அடுத்த தடவை... நல்லா ஊதறனுங்க."

அப்புறம் நடந்ததெல்லாம் சரியாகவே நடந்தது. முகத்தில் மாஸ்க் மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள், நெஞ்சு இறங்கியது. காப்பிக் கலர் பம்பு மறுபடியும் காலையில் இரண்டு, சாயந்திரம் இரண்டு. டாக்டர் அன்புச்செல்வியைத் தனியாக அழைத்துச் சொன்னாள். "ராத்திரியில மூச்சு முட்டி எழுந்திரிக்கறது இல்லைன்னு சொல்றார். அப்படின்னா இது போதும். எழுந்திரிக்கறார்னா கதையே வேற, இங்க படுக்க வெச்சுத்தான் பார்க்கணும். வீட்டுல கவனிச்சுக்கங்க." அன்புச்செல்வி அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டாள். "நல்லாத்தான் தூங்கறாரு, குறட்டைகூட இல்ல" என்றாள் மாசாணியம்மாள்.

திரும்பும் வழியில் தெக்கலூரில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினாள். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ராமுலு சார்.

"மேடம், பார்த்தீங்களா? எப்படிங்க வந்திருக்குது?"

"நல்லா வந்திருக்குதுங்க சார்" என்றாள் அன்புச்செல்வி.

"அப்பச் சேனல்ல போட்டுறலாமுங்களா?"

"சரிங்க சார்."

போனைப் பைக்குள் வைத்தாள். நஞ்சப்பன் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். கிளினிக்கிலிருந்து தலைகுனிந்தே வந்தவர் முகத்தில் முதல்முறையாக ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது. வராந்தாவில் அவள் அந்தப் பாடத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்ததை அவர் கவனித்திருக்கிறார்.

"ஏங்கண்ணு, நீ எந்த மரத்தடியில நின்னு இழுத்துட்டு வந்தே?"

அன்புச்செல்விக்குச் சுருக்கென்றது. டீ டம்ளரை வைத்தாள். பி.எச்டி. வாங்கியிருக்கிறாள், நிரந்தர வேலையில் இருக்கிறாள், சாளையில் படுத்ததே இல்லை. அவளுடைய வாய்க்கும் தெரியவில்லை. போனை எடுத்து மறுபடியும் கூப்பிட்டாள்.

"சார், நான் அன்புச்செல்விங்க. இப்பச் சொன்னது தப்புங்க சார். பாடம் நல்லா இல்லீங்க. நீங்க வெட்டச் சொன்ன எடம்தான் பாடமே. அது இல்லாம என் பேர்ல அதைப் போட வேண்டாமுங்க."

நஞ்சப்பன் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்படிங்களா" என்றார் ராமுலு சார். "நேத்தே சொல்லியிருக்கலாமுங்களே."

"சொல்லியிருக்கணுமுங்க சார்."

"சரி, திங்கக்கிழமை உக்காந்து பேசலாமுங்க." போன் வைக்கப்பட்டது.

"என்ன சொன்னாரு?" என்று பதறினார் நஞ்சப்பன்.

"ஒண்ணும் சொல்லலீங்கப்பா. அப்படிங்களான்னாரு."

"வையவே இல்லையா?"

"இல்லீங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

நஞ்சப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் வேட்டியின் கரையை நீவிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னார்.

"ராத்திரில படுக்க முடியறதில்ல கண்ணு. உங்கம்மா தூங்குனதுக்கப்பறம் எந்திரிச்சு வாசல்ல உக்காந்துக்குவேன். வெடியறதுக்கு முன்னால போயி அவ பக்கத்துல படுத்துக்குவேன். இதே பாடுதான், ரெண்டு மாசமா."

அன்புச்செல்விக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அந்தக் காலி வாசல், அந்த மிளகாய், தலைக்கு மேல் கடகடக்கிற அந்தக் கயிறு, அதற்குக் கீழே இவர். அவள் கத்தவில்லை. டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு, பாலத்துக்கு அடியில் போய் வண்டியை அவிநாசிப் பக்கம் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

"ஏறுங்கப்பா."

"இக்கட்டால எங்க கண்ணு?"

"டாக்டரம்மாகிட்ட. இப்ப எங்கிட்டச் சொன்னீங்களே, அதை அங்க வந்து நீங்களே சொல்லோணும்."

"இப்பத்தான அத்தனை நேரம் பாத்து அனுப்புனாங்க. திரும்பப் போனா என்ன நெனப்பாங்க?"

"ஏறுங்க."

நஞ்சப்பன் ஏறி உட்கார்ந்தார். வண்டி நகரவில்லை. பின்னாலிருந்து அவருடைய கை அவள் தோளைத் தாண்டி முன்னால் நீண்டது. உள்ளங்கையில் அந்த நீலப் பம்பு இருந்தது.

"இதை நீயே வெச்சுக்கோ கண்ணு. எங்கிட்ட இருந்தா, அங்க போயி எறங்குன ஒடனே கை தன்னால போயிரும்."

அன்புச்செல்வி அதை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.